விஜியக்காவுக்கு, கலாவின் மாத்திரையைப் பற்றி

என் செல்ல விஜியக்கா,

இன்றைக்கு உன் திதி. காலையில் காவிரிக்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் அண்ணன் எள்ளும் தண்ணீரும் விட்டான். நான் படியில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்தானே?

நீ போன பிறகு நான் என்ன வேலைக்குப் போனேன் என்று உனக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசும் ஆலோசகர் வேலை. அம்மா வேண்டாம் என்றாள். அந்த மாதிரி ஓர் அறையின் வாசலில் உன்னோடு உட்கார்ந்து அழுததை அவளால் மறக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை, அதனால்தான் போனேன்.

அத்தானிடமிருந்து உனக்கு வந்த நோய் அது. அவர் இறந்ததும் ஸ்ரீரங்கத்தில் உன் புகுந்த வீட்டில் எல்லாரும் உன்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. “முன்னாடியே தெரிஞ்சிருந்தா மட்டும் என்னடி பண்ணியிருப்பேன்? ஆணுறை போட்டுக்கங்கன்னு அவர்கிட்ட சொல்லிட முடியுமா?” என்று என்னிடம் கேட்டாய். அப்போது சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது இருக்கிறது அக்கா. நோய் இல்லாத பெண், தனக்கு வராமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். புருஷனிடம் கெஞ்ச வேண்டாம். பரிசோதித்து, தொற்று இல்லை என்று பார்த்துவிட்டுத் தருகிறோம். எங்களிடம் அதை வாங்கிக்கொண்டவர்களில் ஒருத்தி கலா. அவள் பெயரையும் அவள் கணவன் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கலாவுக்குப் பிறந்த வீடு உறையூர், வாழ்க்கைப்பட்டது வையம்பட்டி பக்கம். கணவன் முருகேசன் லோடு வண்டி ஓட்டுகிறான். நோய் அவனுக்கு. அவன் அம்மாவுக்கு அது தெரியாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி அடங்கிவிடும், அவளுக்கும் பரவாது. அவனோ வண்டியில் ஏறினால் மாத்திரையை மறந்துவிடுவான். “அவர் திருந்தற வரைக்கும் நான் காத்திருக்க முடியாதுக்கா” என்று சொல்லித்தான் கலா தன் மாத்திரையை வாங்கிப் போனாள்.

பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த டப்பா மாமியார் கண்ணில் பட்டுவிட்டது. அந்த அம்மா அதை மருந்துக் கடையில் காட்ட, கடைக்காரர் எச்.ஐ.வி. மாத்திரை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வருவதற்கு முன்னால் தடுக்கவும் அதைக் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலமே கலாவைக் குழந்தையோடு உறையூருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு மாத்திரையையும் கேட்டாள். பழைய டப்பாவை மாமியார் குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

லோடு இறக்கிவிட்டு முருகேசன் ஓடிவந்தான். அவன் அம்மாவும் கூடவே வந்தார். மருத்துவமனையில் சொன்னால்தான் நம்புவேன் என்று அவர் பிடிவாதம். நாலு பேரும் என் சின்ன அறையில் இருந்தோம்.

“இவளுக்கு இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா” என்றார்.

நான் கலாவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். இல்லை என்று சொன்னேன்.

“அப்புறம் எதுக்கு அந்த மாத்திரை?”

அதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கில்லை. கலா சொல்லியிருக்கலாம். அவளோ மடியிலிருந்த குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உன் முகம்தான் கண்ணில் நின்றது அக்கா. இவனும் அத்தானைப் போல வாயைத் திறக்காமல் இருந்துவிடுவானோ என்று பயந்தேன்.

“எனக்குத்தாம்மா இருக்கு” என்றான் முருகேசன். “அவளுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் அவ அதைப் போட்டுக்கிறா.”

அந்த அம்மா மகன் பக்கம் திரும்பினார். “நீ மாத்திரை சாப்பிடுறியா?” என்று மட்டும் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிளம்பும்போது மருமகளின் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “வா, வீட்டுக்குப் போகலாம்” என்றார். கலா பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “அம்மா வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வரேங்க அத்தை.”

சொன்னபடியே வையம்பட்டிக்குத் திரும்பிப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறாள். முருகேசன் வெளியூரில் இருந்தால், சாப்பிட்டாயா மாத்திரை போட்டாயா என்று அவன் அம்மாவே போன் செய்கிறாராம்.

போன வாரம் தென்னூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி, பெண் தன் பிறப்புறுப்பினுள் தானே வைத்துக்கொள்கிற வளையம் என்று புதிதாக வந்தவற்றைப் பற்றிச் சொன்னார்கள். எங்கள் மையத்துக்கு இன்னும் அவை வரவில்லை. வந்துவிட்டால் டப்பா இல்லை, ஒளித்துவைக்க வேண்டியதில்லை. நீ இருந்தால் எதைக் கேட்டிருப்பாய்?

முதலில் யாருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களைச் சொன்னார்கள். நியாயம்தான். வீட்டில் இருக்கிற மனைவிமார்களை யாரும் சொல்லவில்லை. நான் எழுந்து உன் கதையைச் சொன்னேன். யாருடைய கதையோ போல ஆரம்பித்தேன். பாதியில், “அவங்க என் அக்கா” என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக வேலையிடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. முழுக்கச் சொல்லி முடித்தேன்.

ஊசி வரட்டும் அக்கா. என் அறைக்கு வருகிற எந்தப் பெண்ணும், அவள் யாராக இருந்தாலும், இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் திரும்பிப் போக மாட்டாள். உனக்கு இது என் வாக்கு.

உன் கையால் தலைபின்னிக்கொண்ட தங்கச்சி,
சாந்தி