அப்பா தேய்த்த படலம்

ஜூலை 14, ஜங்லிகாட்.

அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அவருடைய படகு எஞ்சின் பெட்டியை ஒழித்தபோது, எண்ணெய்த் துணியில் சுற்றிய என் ஆராய்ச்சிக்கான சிலிக்கான் சில்லு கிடைத்தது.

அதன்மேல் கண்ணுக்கு எட்டாத அளவு மெல்லிசாக கோபால்ட் படலம் பூசியிருந்தேன். கடற்காற்றில் அதன் காந்தத்தன்மை எவ்வளவு குறைகிறதென்று பார்க்க, போன விடுமுறையில் ஜன்னலோரம் வைத்திருந்தேன். அப்பா அதை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெயும் போட்டுவிட்டார்.

"துரு ஏறிக் கெடந்துச்சு பாப்பா. சாஃப் பண்ணிட்டேன், பாரு."

"அது துரு இல்லப்பா, என் வேலையே அதுதான்! இனிமே என் சாமான் எதையும் தொடாதீங்க" என்று கத்தினேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, அந்த விடுமுறை முடிந்து நான் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய அன்று. என் கனத்த பெட்டியைத் தூக்க வராமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கப்பல்துறையில் நின்றிருந்தார்.