அண்ணத்தில் ஓர் அண்ணன்

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்டுடியோவில் இன்று பாஸ்போர்ட் போட்டோக் கூட்டம். "வாயை மூடுங்க, பல்லு தெரியக் கூடாது" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. நாளை வாலுவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய் "வாயைத் திறடி" என்று கெஞ்ச வேண்டும். என் மகள் வெளியாள் முன்னால் சிரித்தால்கூடக் கையால் வாயை மூடிக்கொள்வாள்.

பிப்ரவரி 4

வாலுவுக்குப் பிறக்கும்போதே பிளந்திருந்த உதட்டையும் மேல் அண்ணத்தையும் கைக்குழந்தையிலேயே தைத்தாகிவிட்டது. ஈறில் மட்டும் பிளவு பாக்கி. டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். "முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லு உருவாகவே இல்ல. வேண்டாத ஒண்ணு அண்ணத்துல முளைச்சிருக்கு. இந்தப் பிள்ளைங்களுக்கு இது சகஜம்தான். அதை எடுத்துட்டு ஈறுல எலும்பு வைக்கணும். அப்பத்தான் கோரைப்பல்லு இறங்க வழி கிடைக்கும்."

வாலு வழியெல்லாம் நாக்கால் அண்ணத்தைத் துழாவிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில்தான் கேட்டாள்: "அம்மா, எனக்கு அண்ணன் இருக்கானா?"

பிப்ரவரி 5

அண்ணம் வேறு, அண்ணன் வேறு என்று விளக்கினேன். தலையாட்டினாள். பல் தேய்க்கும்போது, "மெதுவா. அண்ணனுக்குக் கூசுது."

பிப்ரவரி 10

டீச்சர் போன். "உங்க பையன் ஏன் ஸ்கூலுக்கு வரல?" பையனே இல்லை என்றேன். "உள்ளேயே இருக்கான், வெளிய வர மாட்டான்னு பாப்பா சொல்றாளே..." பிள்ளையைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்றே நினைத்துவிட்டார் போல.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "என்னடா மகனே, சாப்பிட்டியா?" என்கிறார். ஒரு பைத்தியம் போதாதென்று.

பிப்ரவரி 14

பல்லை எடுக்க நாற்காலியில் சாய்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒருவர் சொல்லும் எடுபடவில்லை. "அடுத்த வாரமும் எடுக்கலன்னா ஆபரேஷன் தள்ளிப்போயிடும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து கத்திவிட்டேன். "அது பல்லுடி, அண்ணனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" அழுதாள். அழும்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கோரைப்பல் வழியில்லாமல் மேலேயே மாட்டிக்கொண்டால்? இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு பல்லிடமா தோற்பது?

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அண்ணன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறான்னு வச்சுக்கோயேன்."

யோசித்தாள். "அப்போ பாஸ்போர்ட் போட்டோ எடுக்கல?"

ஸ்டுடியோவைத் திறந்து விளக்குகளைப் போட்டேன். வெள்ளைத் திரைக்கு முன்னால் அவளே ஸ்டூலில் ஏறி, தலையைச் சாய்த்து, ஆவென்று திறந்தாள். பல் மட்டும் தெரிகிற பாஸ்போர்ட் போட்டோ எடுத்தது இதுதான் முதல் தடவை. அளவாக வெட்டிக் கொடுத்தேன். "அப்பா ஜாடை" என்றாள். அவர் பெருமையாகத் தலையைக் கோதிக்கொண்டார்.

பிப்ரவரி 21

போய்விட்டான். பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். இத்தனூண்டு. என்னையும் அறியாமல் "பார்த்துப் போடா" என்றேன். வாலு பஞ்சைக் கடித்தபடியே கையாட்டி வழியனுப்பினாள்.

ஏப்ரல் 9

இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து ஈறில் வைத்துவிட்டார்கள். கண் விழித்ததும் வாலு கேட்டது: "அண்ணன் போன் பண்ணானா?"

டிசம்பர் 2

கோரைப்பல் இறங்கிவிட்டது. வைத்த எலும்பின் வழியாகவே வந்து, ஈறுக்கு வெளியே வெள்ளையாக ஒரு முனை. டாக்டரம்மா நீட்டிய கண்ணாடியில் வாலு வெகுநேரம் பார்த்தாள்.

"இதைப் புடுங்குவீங்களா?"

"மாட்டேன். இது உன்கூடவே இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ இது தம்பி."

சந்தோஷத்தில் என் வீட்டுக்காரருடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு, "தம்பி வந்துட்டான்" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர் கத்திச் சொல்வது கேட்டது.

சாயங்காலம் அவருடைய கூட்டாளிகள் ஒரு குட்டிச் சட்டையோடு குழந்தை பார்க்க வந்துவிட்டார்கள். "தம்பி எங்கே?" என்று கேட்டார்கள். வாலு வாயை மூடியிருந்த கையை எடுத்துவிட்டு, ஒவ்வொருவர் முன்னாலும் போய் வாயைத் திறந்து காட்டினாள்.