உன் மூடைகளுக்கு இன்னும் வழியில்லை, அக்கா

என் செல்ல ஸ்டெல்லாக்காவுக்கு,

நீ போனபிறகு அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. "அவ" என்று மட்டும் சொல்கிறாள். எனக்கு உன்னிடமே சொல்ல ஒரு செய்தி உண்டு.

போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது நடந்தது. தெர்மோகோல் தட்டுகளைப் பொடித்துக் கரைத்து, வினையூக்கித் தூளைச் சேர்த்து, விளக்கு வெளிச்சத்தில் வைத்தோம். பிளாஸ்டிக் உடைந்து வெள்ளையாய் ஓர் அமிலம் படிந்தது. ஊறுகாய் கெடாமலிருக்கச் சேர்க்கும் உப்பை அதிலிருந்துதான் செய்கிறார்கள். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு, நீயும் சரோஜினிக்காவும் பஞ்சாயத்துக்காக வீடு வீடாய்ப் போய்ப் பிளாஸ்டிக் குப்பை எடுப்பீர்களே, அந்த மாதிரிக் கலவையைப் போட்டேன். மிக்சர் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், கறுப்புக் கவர். கறுப்புச் சாயம் வெளிச்சத்தை உள்ளே விடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு தூளை மூடிவிட்டது. சேறுதான் மிஞ்சியது.

அப்போது ஆஸ்பத்திரியில் நீ கேட்டது நினைவு வந்தது. எடுத்த குப்பையை மூடைகளாய் அடுக்கியிருந்த கிட்டங்கி தீப்பிடித்த மதியம், பக்கத்து வீட்டில் நடக்கமுடியாமல் கிடந்த தங்கப்பன் மாமாவை நீங்கள் இரண்டுபேரும் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தீர்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஏற்கெனவே இழுப்பு உள்ள உன் நெஞ்சை விட்டு அந்தப் புகை போகவேயில்லை.

"உன் வெளிச்சம் எங்க மூடைக்கு எப்ப வரும், மக்கா?" என்றாய். வருஷங்கள் ஆகும் என்றேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாய்.

"அதுவரைக்கும் மூடைய எங்க வைக்கியது?"

முகமூடியைத் திரும்ப உன் மூக்கில் வைத்தேன். மழை தொடங்குமுன் நீ போய்விட்டாய்.

போன வாரம் உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி நேரே கிராம சபைக்குப் போனேன். கிட்டங்கிக்குப் புதுக்கூரை போட்டு மறுபடியும் நிறைத்து வைத்திருக்கிறார்கள். பழைய சாமான் வாங்குகிறவர்கள் எடுக்காத கலப்பு மூடைகளை ஏன் ஊரைவிட்டு அனுப்பவில்லை என்று தங்கப்பன் மாமாவின் மகள் கேட்டாள். வார்டு மெம்பர் என்னைக் காட்டினார். நம்ம ஊர்ப் பெண்ணே வெளிச்சத்தில் பிளாஸ்டிக்கை உருக்க வழி கண்டிருக்கிறாள், கொஞ்சம் பொறுத்தால் மூடையெல்லாம் பொன்னாகும் என்றார். கை தட்டினார்கள். அம்மா எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நான் எழுந்தேன்.

"அது இப்ப நடக்காது. என்னை நம்பி ஒரு மூடைகூட வைக்கண்டாம். லாரியில ஏத்தி அனுப்புங்க."

மலையாளம் பேசுகிறவர்களுக்காக அதை மலையாளத்திலும் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், இத்தனை வருஷம் பின்னே என்னதான் படித்தாய் என்று கேட்டார். மெம்பர் என் பக்கம் திரும்பவில்லை. வீடு வந்ததும் அம்மா வாசலில் நின்று, "நீ சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

லாரி வந்தது அக்கா, பாதியைத்தான் எடுத்தது. மீதி தங்கப்பன் மாமா வீட்டு மதிலை ஒட்டித் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. சரோஜினிக்காவும் இப்போது இருமுகிறாள். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஆய்வை நான் விடமாட்டேன். ஆனால் தயாராகாத ஒன்றைத் தயார் என்று சொல்ல மாட்டேன், சொல்ல விடவும் மாட்டேன். கடைசி மூடை அங்கிருந்து போகும்வரை ஒவ்வொரு சபையிலும் எழுந்து நிற்பேன். கேட்பாரில்லாவிட்டாலும் நிற்பேன்.

உன் இடுப்பில் ஏறி வளர்ந்த தங்கச்சி,
ஜெசி