முதல் வரியில் இருந்த பெயர்

ஸ்கூக்லி,
ஜனவரி 19

அன்புள்ள அப்ரேஹெத்,

நீயும் பிள்ளைகளும் சுகமா? ஹாமாரில் வீடு கதகதப்பாக இருக்கிறதா? இங்கே மைனஸ் பதினெட்டு. என் கார் மூன்று நாளாகக் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. முழங்கால் வலியும் அப்படியேதான். ஒன்றரை வருடமாக ஒரு வரி எழுதாதவள் காரையும் முழங்காலையும் பற்றி எழுதுகிறாளே என்று நினைப்பாய். விஷயத்துக்கு வரப் பயமாக இருக்கிறது, அதுதான்.

மார்ச் முதல் ஞாயிறு நம் குழந்தைகளின் பனிச்சறுக்குப் போட்டி. சங்கக் கட்டடத்தின் கதவில் வேலைப் பட்டியலை மாட்டியாயிற்று. இருபது பேர் வேண்டும், ஒன்பது பெயர்தான் விழுந்திருக்கிறது. பிப்ரவரி பதினைந்துக்குள் நிரம்பாவிட்டால் போட்டியே கிடையாது என்று குழு சொல்லிவிட்டது. ஆள் தேவைப்பட்டதும் இந்தச் செயலாளரம்மாவுக்கு என் ஞாபகம் வந்துவிட்டது என்பாய். பாதி உண்மை. மறு பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பட்டியல் உனக்கு மறந்திருக்காது. விருப்பமுள்ளவர் எழுதலாம் என்று மேலே போட்டிருக்கும், வரிகள் காலியாகத் தொங்கும். ஆனால் எந்த வரி யாருடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதல் வரி, அதாவது முடிவுக்கோட்டில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, முப்பத்தோரு வருடமாகப் பெரியவர் ஒட்வாருடையது. அவர் வந்து எழுதுவதுகூட இல்லை, நாங்களே எழுதிவிடுவோம். இதை உனக்கு யாரும் சொல்லவில்லை. புதிதாகக் குடிவந்தவர்களும் வரவேண்டும் என்று உன் சிரித்த முகத்தைப் போட்டோ எடுத்துக் கடைக்குக் கடை ஒட்டினேனே, அன்றாவது நான் சொல்லியிருக்கலாம்.

நீ போய் அந்த முதல் வரியில் உன் பெயரை எழுதினாய். உன் ஊர் அஸ்மாராவில் ஓட்டப் பந்தயங்களுக்கு எட்டு வருடம் நேரம் குறித்தவள் நீ. தெரிந்த வேலையைத்தானே கேட்டாய்? பட்டியலில் கட்டியிருந்தது பென்சில்.

அழித்தவள் நான், அப்ரேஹெத்.

அழித்து, உன்னை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினேன். ஒட்வாரின் மனசு நோகுமே என்று, அவரைக் கேட்காமலே. உன் மனசு நோகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போட்டியன்று நீ உன் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, "என் பேரு மேலதானே இருந்துச்சு?" என்று கேட்டாய். "நான் என்ன பண்றது, ஒட்வார் விட மாட்டேங்கிறாரே, பிடிவாதக்காரர்" என்று கூசாமல் சொன்னேன். நீ வண்டி நிறுத்துபவர்களுக்கான மஞ்சள் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாய்.

உன்னைப் பார்க்கவென்று உன் ஆட்கள் பதினான்கு பேர் மேளத்தோடு வந்தார்கள். முடிவுக்கோட்டில் தேடிவிட்டு, வண்டிகளுக்கு நடுவே உன்னைக் கண்டுபிடித்து, கடைசிவரை உன்னைச் சுற்றியே நின்றார்கள். ஒரு குழந்தை வந்து சேர்வதையும் பார்க்கவில்லை. மேளத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. நான் சுடச்சுட வாஃபிள் கொண்டுவந்து நீட்டினேன். நோன்பு, பால் முட்டை தொட மாட்டோம் என்றாய். அதைக்கூட முன்னால் கேட்டு வைக்கவில்லை பார். கறுப்புக் காப்பி மட்டும் வாங்கிக்கொண்டாய். அந்தக் கோடையில் வேலைக்காக என்று சொல்லி ஹாமாருக்குப் போய்விட்டாய். போன வருடப் போட்டிக்கு உங்களில் ஒருவரும் வரவில்லை. "அவங்களுக்கு இதுல எல்லாம் ஆர்வமே இல்லப்பா" என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய் ஒட்வார் வீட்டுக்கு வந்தார். ஸ்டாப்வாட்சை என் சமையலறை மேசையில் வைத்தார். "கண்ணு சரியாத் தெரியலம்மா, குன்வோர். அஞ்சு வருஷமாச்சு. பக்கத்துல நிக்கிறவங்களக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதறேன்" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். "நானா எப்படி விட்டுட்டுப் போறது? வருஷா வருஷம் கதவுல போய்ப் பாக்கறேன், வேற யாராச்சும் அந்த வரியில எழுதினாங்களான்னு. எப்பப் பாத்தாலும் எம் பேரையே எழுதி வெச்சிருக்கீங்க" என்றார்.

ஒருத்தி எழுதினாள் என்று சொன்னேன். யார், என்ன ஆயிற்று, நான் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இத ஏன் எங்கிட்ட சொல்றே? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். காப்பியைக்கூட முடிக்கவில்லை.

சொல்லிவிட்டேன். குழுவிலும் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை.

இந்த வருடம் நோன்புக்காரர்களுக்குப் பயறு சூப் வைக்கப் பார்க்கிறேன். இரண்டு தடவை வைத்துவிட்டேன், சுமாராகத்தான் வருகிறது. ஹாமாரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானே? கார் மனசு வைத்தால் நிலையத்தில் நானே நிற்பேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டேன். முதல் வரியில் யாரையும் எழுத விடவில்லை. பென்சிலை எடுத்துவிட்டுப் பேனாவைக் கட்டியிருக்கிறேன். இந்தக் குளிரில் மை உறைந்துபோகிறது. தினமும் காலையில் போய், அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வருகிறேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைகளோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் பெயரை அழித்த
குன்வோர்