ஆடி மாதத்தில் கடலுக்குப் போனோம்

அண்ணே,

இன்று காலை மிளகு காயப்போடுவதற்காகத் தார்ப்பாயை எடுத்து உதறினேன். மழைக்காலம் முழுக்க மடிந்து கிடந்தது. உதறியதும் அந்த வாடை எழுந்தது. முப்பது வருடம் தேயிலை லோடு மேல் இழுத்துக் கட்டிய சாமான், அந்த வாடை எனக்கு என் சட்டை மாதிரி. ஆனாலும் இன்று லாரி ஞாபகம் வரவில்லை. கொச்சியில் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பாய்ப்படகும், அதை மூடியிருந்த நீலத் தார்ப்பாயும், அதற்குள் முழங்காலைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நீங்களும்தான் வந்தீர்கள். மிளகை அப்படியே சாக்கில் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். வெயில் போகிறது என்று வீட்டில் சத்தம் கேட்கிறது. போகட்டும்.

என் எழுத்து எட்டாம் வகுப்போடு சரி. இவன் அறிவை ஒன்பதாம் வகுப்பு தாங்காது என்று ஹெட்மாஸ்டரே வீட்டுக்கு வந்து கும்பிட்டுச் சொன்னதாக நான் சொல்வேன். நீங்கள் சிரிக்காமல் கேட்டுக்கொள்வீர்கள். வண்டிப்பெரியாரில் என் கதையைச் சிரிக்காமல் கேட்ட ஒரே மனிதர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் அதிகமாக அளந்தேன். கொச்சித் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல்காரன் என் லாரியை நிறுத்தி, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டதும், நான் விரலை நனைத்து நீட்டிச் சொன்னதும், அவன் சல்யூட் அடித்ததும் உங்கள் சமையலறையில் பிறந்த கதை. உங்கள் கட்லெட் ஒன்றுக்கு ஒரு கப்பல் என்று கணக்கில்லாமல் மிதக்கவிட்டேன்.

நீங்கள் எஸ்டேட் பங்களாவில் முப்பத்தைந்து வருடம் பட்லர். முதலில் துரைமாருக்கு. பிறகு பங்களாவை விடுதியாக்கியதும் வந்து தங்குகிறவர்களுக்கு. சமைப்பதும் நீங்கள், பரிமாறுவதும் நீங்கள், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னால் நிற்பதும் நீங்கள். அப்படி வந்து தங்கியவர்தான் அந்தக் கொச்சிக்காரர். சொந்தமாகப் பாய்ப்படகு வைத்திருந்ததால் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றோம். உங்கள் மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார், வருடத்துக்கு ஒரு முறை லட்சத்தீவுப் பக்கம் போய், தீவு தீவாகப் பன்னிரண்டு நாள் சுற்றுவாராம். நீங்களும் ஒரு முறை வர வேண்டும், சமைக்க அல்ல, விருந்தாளியாக, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டி வாருங்கள், அனுமதிச் சீட்டெல்லாம் என் பொறுப்பு என்றார்.

பணக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்ட வயிற்றோடு சொல்வதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

"டிரைவரு, எனக்குத் தீவு கூடப் பெருசில்லவே," என்றீர்கள். "ஒரு நாள் காலையில எவனாவது எனக்குப் பெட் டீ கொண்டாரணும். நான் கண்ணத் தொறக்காம, அங்க வையின்னு சொல்லணும்."

"அதுக்கு எதுக்குண்ணே கடலு? மதினிகிட்டச் சொன்னா வைக்கமாட்டாங்களா?"

"வீட்டுல படுத்தாலும் அடுப்பு கூப்பிடுது. எந்திரிச்சுப் போயிருதேன். நடுக்கடல்ல எங்க எந்திரிச்சுப் போவ?"

அதன் பிறகு மதியச் சாப்பாடு முடிந்து மாலை டீ தொடங்கும்வரை உள்ள இடைவெளி முழுக்க நம் பயணம்தான், துணைக்கு வரும் ஆள் நான் என்று முடிவாகியிருந்தது. கேப்டன் விட்டுப்போன தீவுப் படத்தை மாவு டப்பாவில் சாய்த்து வைப்பீர்கள். பங்களா மெனு எழுதும் தாள்களில் ஒரு தீவுக்கு ஒரு தாள். அகத்தியில் காலைக்கு ஆப்பம். பங்காரத்தில் மதியம் பொரித்த மீன், மேசை விரிப்பு வெள்ளை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தீவையும் பார்த்து வந்தவன் போல வர்ணிப்பேன். ஒரு தீவில் தேங்காய் விழும் சத்தத்தை வைத்தே மணி சொல்வார்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள்.

உங்களிடம் இன்னொரு நோட்டும் இருந்தது. வந்து தங்குகிறவர்களைப் பற்றிய குறிப்பு நோட்டு. மூன்றாம் அறை ஐயாவுக்கு இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவும். இந்த அம்மாவிடம் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்க வேண்டாம். இப்படிப் பக்கம் பக்கமாக. எதற்கண்ணே இது என்று கேட்டதற்கு, "வாரவங்க கொறய நாம பாத்து வச்சுக்கிடணும். பாத்தமுன்னு காட்டக் கூடாது," என்றீர்கள். உங்கள் தொழிலில் இன்னொரு சட்டமும் உண்டு. விருந்தாளியை நாம் கூப்பிடக் கூடாது, பெல் அவர்கள்தான் அடிக்க வேண்டும். கேப்டனுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள் என்று நான் எத்தனை முறை சொல்லியும் நீங்கள் போடவில்லை. காத்திருந்தீர்கள்.

பெல் அடித்தது. போன வருடம் தை மாதம். கேப்டனே கூப்பிட்டார். மாதக் கடைசியில் புறப்படுகிறேன், இரண்டு இடம் வைத்திருக்கிறேன், வருகிறீர்களா என்றார். யோசித்துச் சொல்கிறேன் சார் என்று வைத்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பங்களா மேட்டிலிருந்து இறங்கி என் வீட்டுக்கு வந்தீர்கள்.

"பங்களா நெறஞ்சு கெடக்கு, லீவு கேட்டா மேனேஜர் தொரை மூஞ்சியத் தூக்குவாரு. இருந்தாலும் கேட்டுருதேன். இத்தன வருசத்துல கேட்டதே இல்லியே. நீரு என்ன சொல்லுதீரு? கடல் தெரிஞ்ச ஆளு நீருதான்."

அண்ணே, இந்த இடத்தை மட்டும் ஜோடனை இல்லாமல் எழுதுகிறேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். லாரியில் போய் தேயிலையை இறக்கிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான். மாட்டுப்பட்டி அணையில் மச்சினன் குடும்பத்தோடு படகில் ஏறியபோது, படகுக்காரர் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்தும் விரல் விடவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

நீங்கள் வாசலில் நின்றீர்கள். எனக்கு அணைத் தண்ணீர்தான் கண்ணில் வந்தது. வாய் தானாகப் பேசியது.

"தை மாசக் கடலு பொல்லாதுண்ணே. பனிக்காத்து அடிக்கும். கேப்டன் பழகின ஆளு, எதுலயும் போவாரு. நமக்கு ஆடிதான் சரி. ஆடியில கடலு தாம்பாளத்துல ஊத்தின பாலு மாதிரி கெடக்கும்."

"ஆடியில மழ கொட்டுமேவே."

"கடலுக்கு மழ என்னண்ணே செய்யும்? ஏற்கெனவே நனஞ்சதுதான."

அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். ஆடியில் பங்களாவும் காலியாக இருக்கும், லீவும் சுலபம் என்று நீங்களே ஒரு நியாயம் சேர்த்துக்கொண்டீர்கள். மறுநாள் கேப்டன் கூப்பிட்டபோது, பங்களாவில் கூட்டம் குறைந்ததும் வருகிறோம் சார் என்று மட்டும் சொன்னீர்கள். மாதம் சொல்லவில்லை. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று அவரும் சொல்லிவிட்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆடிக்கு நாளிருக்கிறது, அதற்குள் காலில் சுளுக்கு வரும், கல்யாணம் வரும், ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஆடிதான் வந்தது.

குமுளியிலிருந்து வந்த முதல் பஸ். வருகிறோம் என்று கேப்டனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதே பெல் சட்டம். உங்கள் கையில் புதுப் பை. உள்ளே தீவுத் தாள்கள் பிளாஸ்டிக் உறையில். வழியெல்லாம் மழை. கொச்சியில் இறங்கி விசாரித்து, படகு கட்டும் பட்டறைக்கு நடந்து போனோம். தண்ணீரில் மிதக்கும் என்று நாம் நினைத்த படகு தரையில் கட்டைகளின் மேல் நின்றது. பாய்மரம் கழற்றிப் பக்கத்தில் கிடத்தியிருந்தது. மேலே நீலத் தார்ப்பாய். மழை அதன் மேல் தகரத்தில் கொட்டுவதுபோலக் கொட்டியது.

கேப்டன் ஓடி வந்தார். நம் பைகளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இப்போ கடலுக்கோ? மழையல்லே. கடல் கோபத்தில இருக்கு. செப்டம்பர் கழியாம ஒரு பாய்ப்படகும் வெளிய போகாது. இந்த மாசத்தில வரான் ஆரு பறஞ்ஞது?"

யார் சொன்னது என்று கேட்கிறார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு நொடிகூட என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லல சார். படகு எப்படியிருக்குன்னு சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

பைகளோடு வந்து நின்ற நீங்கள் அப்படிச் சொன்னால் கேப்டனுக்குப் புரியாதா? ஏணியை எடுத்து வைத்தார். நாலு படிதான். ஏறி முடிந்ததும் வெகுநேரம் மூச்சு வாங்கினீர்கள். அதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. தார்ப்பாய்க்குள் குனிந்து போய் உட்கார்ந்தோம். கேப்டனின் ஆள் ஒருவர் தட்டில் டீ கொண்டுவந்தார். தட்டு உங்கள் முன்னால் வந்தது, அண்ணே. உங்களுக்கு முன்னால். அங்க வையின்னு நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் இரண்டு கையாலும் தட்டை வாங்கி, முதல் டம்ளரை எனக்கு நீட்டினீர்கள். குடித்து முடித்ததும் டம்ளர்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கி, குழாயடியில் கழுவி வைத்தீர்கள். கேப்டன் தடுத்தார். "பழக்கம் சார்," என்றீர்கள்.

திரும்பி வரும்போது குட்டிக்கானத்தில் பஸ் பனிமஞ்சுக்குள் நுழைந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள், "தைக்கு இன்னும் ஆறு மாசந்தான டிரைவரு. கேப்டன் எடம் போட்டு வைக்கேன்னுட்டாரு." அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம், அதனால் பொய் சொன்னேன் என்று ஐந்து வார்த்தையில் முடிந்துபோகிற விஷயம். அதற்குப் பதிலாக, "முன்னெல்லாம் ஆடியில கடலு அமைதியாத்தான் இருக்கும்ணே, இப்ப காலமே மாறிப்போச்சு," என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

கார்த்திகையில், இரண்டாம் அறைக்குப் பெட் டீ கொண்டுபோகும் வழியில் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள். எழவில்லை. தட்டைப் பத்திரமாகப் படியில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். சிந்தியதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. சிந்தியிருக்காது.

சர்ச்சுக்குப் பின்னால் உங்களை வைத்துவிட்டு வந்த ஒரு மாதம் கழித்து, மதினி என்னை வரச்சொல்லி உங்கள் பையைக் கொடுத்தார். "ஒங்க பேரு போட்டிருக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க," என்றார். தீவுத் தாள்கள் வரிசையாக இருந்தன. கடைசியாக ஒரு தாள், நான் பார்த்திராதது. உங்கள் குறிப்பு நோட்டில் எழுதுவது போலவே கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். விருந்தாளி ஒன்று என்று உங்கள் பெயர். பக்கத்தில் குறிப்பு இல்லை. விருந்தாளி இரண்டு என்று என் பெயர். அதற்கு நேரே:

'டீயில் சீனி குறைவு. தண்ணீர் பயம் உண்டு. படகில் நடுவில் உட்கார வைக்கவும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவும். தெரிந்ததாகக் காட்ட வேண்டாம்.'

மேலே தேதியும் நேரமும் போட்டிருந்தது. அது போன வருடத்துத் தை. கேப்டன் கூப்பிட்ட அன்றைக்கு எழுதியது. அதாவது என்னிடம் வந்து கேட்பதற்கு முன்பே எழுதியது.

எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும் அங்கேயே வந்து முட்டுகிறேன். என் பயம் உங்களுக்குத் தெரியும். அதோடு சேர்த்துத்தான் என்னை அழைத்தீர்கள். எனக்கு நடு இடம் போட்டு வைத்துவிட்டுத்தான் மேட்டிலிருந்து இறங்கி வந்தீர்கள். ஆனால் ஆடி என்று நான் சொன்னதை நம்பிவிட்டீர்கள். பயந்தவன் பொய்யும் சொல்வான் என்று உங்கள் நோட்டில் எழுத உங்களுக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அந்தத் தையிலேயே ஒரு காலையில், யாரோ ஒருவர் உங்கள் தலைமாட்டில் டீ வைத்திருப்பார்.

இந்தத் தையில் கேப்டன் கூப்பிட்டார். உங்கள் போனில்தான். மதினி எடுத்து, கேப்டன் என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்த என்னிடம் கொடுத்துவிட்டார். நான் விவரம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ நீங்க வரூ. அவருடைய இடம் சும்மா கிடக்கட்டும்," என்றார்.

நான் போய்வந்த கதையை இங்கே எழுதலாம். பன்னிரண்டு நாளையும் அலை அலையாக, தேங்காய் விழும் சத்தத்தோடு என்னால் எழுத முடியும். உங்கள் தாள்களைத் தீவுக்கு ஒன்றாகக் கடலில் விட்டேன் என்று எழுதினால், படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் போகவில்லை, அண்ணே. வரவில்லை சார், எனக்குத் தண்ணீர் பயம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வழக்கம்போலப் பையன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மாமா, அந்தக் கப்பல்காரன் காத்து கேட்ட கதையச் சொல்லுங்க, இவரு வெளியூரு, கேட்டதில்ல."

"அதெல்லாம் பொய்யி. எனக்குத் தண்ணின்னா பயம். கடலுக்கு நேரா நின்னதுகூட இல்ல," என்றேன்.

கடையே சிரித்தது. "மாமா புதுசா ஒண்ணு அவுத்து விடுதாரு பாரு," என்று எனக்கு இன்னொரு டீ சொன்னார்கள். சீனி தூக்கலாக வந்தது. குடித்தேன்.

அந்தத் தாள் இப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, உங்கள் பிளாஸ்டிக் உறையோடு. எடுத்துக் காட்டினால் நம்பியிருப்பார்கள். காட்டவில்லை. குறையைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், பார்த்ததாகக் காட்டக் கூடாது என்றீர்களே. அது அடுத்தவர் குறைக்கு மட்டும் சொன்னதா, நம் குறைக்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ள இந்த மலையில் எனக்கு வேறு ஆளில்லை.