முழங்கையில் சேறு

அன்பானவளுக்கு,

நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால் எழுதி, உன் தலையணை மேல் வைக்கிறேன்.

நேற்று மழையில் நனைந்து வந்தாய். உடம்பின் ஒரு பக்கம் முழுவதும் சேறு. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, லொறி ஒண்ணு சேறடிச்சிட்டுப் போச்சு" என்றாய். லொறி அடித்த சேற்றில் முழங்கைத் தோல் உரியாது.

கட்டிலில் கிடந்தபடியே வாசலைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளின் பின் டயர் தேய்ந்து மொட்டையாகியிருக்கிறது. எழுந்து போய்த் தொட்டுப் பார்க்க என் கால்களால் முடியாது.

ஈர ரோட்டில் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதே. தூரத்திலேயே வேகத்தைக் குறை. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடி. யட்டவத்த இறக்கத்தில் விழுந்து கால்கள் போன அன்றைக்கு நானும் இதெல்லாம் தெரிந்துதான் போனேன்.

இன்று காலையும் தூறல். மாத்தளைக் கடைகளுக்கான சோத்துப் பார்சல்களைக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வாறேன்" என்றாய். "இன்னிக்கு வேணாம்" என்று நாக்கு நுனிவரை வந்தது. உனக்குப் பதிலாகப் போக நான் எழுந்திருக்க வேண்டுமே! "அல்லாஹ் காவல்" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது மழை பலத்துவிட்டது. தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் வந்தாலும் உன்னுடையதா என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்.

இனி விழுந்தால், விழுந்தேன் என்றே சொல். மருந்து போட எனக்குக் கையாவது இருக்கிறது.

உன் கணவன்