ஐஸ் கட்டிக்குள் வெள்ளை

ஒக்டோபர் 14, திங்கள்

விடியமுதலே மழைக் குணம். பெய்யவில்லை. இவர் கடலுக்கு, மகள் துஷா பள்ளிக்கூடத்துக்கு. அவளுடைய விஞ்ஞானப் புத்தகம் என் மடியில்.

எனக்குப் பதினாறு வயதில், ஓ.எல். எழுத வேண்டிய வருஷம், சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து ஓடினோம். பரீட்சை அங்கேயே நின்றுபோனது. இப்போது துஷாவுக்குப் பதினாறு. இந்த முறை இரண்டு பேரும் எழுதுகிறோம். முன்பள்ளி ரீச்சர் வேலைக்கு ஓ.எல். வேண்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இன்று: தூய பதார்த்தம், கலவை. தூயதில் ஒரே பொருள், கலவையில் பல. குசினியைச் சுற்றிப் பார்த்தேன்.

சீனி – தூயது.
பிளேன்ரீ, பாலில்லாத தேத்தண்ணி – கலவை. முதல் மிடறும் கடைசி மிடறும் ஒரே ருசி, ஆகவே ஏகவினம்.
மீன் ஆணம் – பல்லினம். அதுவும் என் கைச்சமையல் என்றால் கேட்கவே வேண்டாம்.
மழை – யோசிக்க வேண்டும்.

யோசித்ததில் சோறு அடிப்பிடித்தது.

15, செவ்வாய்

துஷா தந்த கேள்வித்தாளில் ஐஸுக்கு 'கலவை' என்று எழுதினேன். சிவப்புப் பேனையால் பெரிய பிழை போட்டாள்.

"ஐஸ் எண்டா உறைஞ்ச தண்ணிம்மா. தூயது. இதுவும் தெரியாதா?"

"நம்மட ஐஸ் கட்டிக்கு நடுவில வெள்ளையா இரிக்கே, புள்ள?"

"கடவுளே!"

சனிக்கிழமை வகுப்புக்கு நானும் வரட்டா என்று கேட்டேன். ஊரில் விஞ்ஞானத்துக்கு அந்த ஒரு வகுப்புத்தான்.

"வரப்படாது. என்ட கூட்டாளிமார் சிரிப்பாளுகள்."

வலித்தது. பாத்திரம் கழுவப் போனேன்.

17, வியாழன்

நல்ல வெயில். மீன் பெட்டிக்கு இவர் வாங்கிய ஐஸில் பாதிக் கட்டி மிச்சம். வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் கண்ணாடி. அதற்குள்ளால் முருங்கை மரம் நெளிந்து தெரிந்தது. நடுவில் புகை மாதிரி வெள்ளை. உறையும்போது தண்ணீர் மற்றதையெல்லாம் நடுவுக்குத் தள்ளிவிடுமோ?

வெளித்துண்டு ஒரு தட்டில், நடுத்துண்டு ஒரு தட்டில். முற்றத்தில் வைத்துக் காகம் விரட்டினேன். பக்கத்து வீட்டு மலர் வேலிக்கு மேலால் பார்த்து, "என்னகா, தண்ணியில வடகம் போடுறியா?"

பின்னேரம் இரண்டும் வற்றின. வெளித்துண்டின் தட்டில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். மற்றதில் வெள்ளைப் படலம். நாக்கில் வைத்தேன், மெல்லிய உப்பு. துஷாவும் தொட்டு வைத்துப் பார்த்தாள்.

"பரீட்சையில தூயது எண்டுதான் எழுதணும், சரியா?"

"ஓம்."

"இந்தத் தட்டக் கழுவாதீங்க."

18, வெள்ளி

தூறல். கனவில் ஊர்க் களப்புத் தண்ணீர் முழுக்க உறைந்து கிடந்தது. வெறுங்காலோடு நடக்கிறேன், குளிரவே இல்லை. காலுக்குக் கீழே மீன்கள் என்னைப் பார்த்தபடி. எழும்ப மனமில்லை.

தட்டைத் துஷா பள்ளிக்கூடம் கொண்டுபோய் வந்திருக்கிறாள். யாருக்குக் காட்டினாளோ, கேட்கவில்லை. நாளை அவளுக்கு வகுப்பு, எனக்கு மீன் கழுவல்.

19, சனி

வேலிக் கடப்படியில் அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேர், சைக்கிளோடு. என் கையெல்லாம் செதில்.

"கொஞ்சம் நில்லுங்கடி," என்றாள் துஷா. "அம்மாவும் வகுப்புக்கு வாறா. சாறி மாத்தட்டும்."

வகுப்பில் இருந்து எழுதுகிறேன். படிப்பிக்கிற சேர் இன்னும் வரவில்லை. வாங்கில் எனக்குப் பக்கத்தில் துஷா. எவ்வளவு சவர்க்காரம் போட்டும் கை மீன் மணக்கிறது. அவள் தள்ளி உட்காரவில்லை.